கேன்வாஸ் ஒட்டுது, சுருங்குது, மங்குது: லின்சீட் ஆயில் தரும் தொல்லைகளும் தீர்க்கும் வழிகளும்

ஆயில் பெயின்டிங்கில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் பெயின்டைத் திட்டுவோம், அப்புறம் கேன்வாஸை, அதற்கும் அப்புறம் சென்னையின் புழுக்கத்தை. பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) பாட்டிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "என்ன ஆச்சுன்னு பாருங்க சார்" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த எண்ணெய், எத்தனை சொட்டு? பாதிப் பேருக்கு இரண்டுக்குமே பதில் தெரியாது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தானாகப் புரிந்துவிடும். ஈரத்துணி காய்வது போல இந்த எண்ணெய் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுத்து, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. காய ஆரம்பிக்கும்போது அதன் எடை குறையாது, கூடும். ஆளி விதை எண்ணெயில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ லினோலெனிக் அமிலம். ஆக்சிஜனுக்கு அலையும் கொழுப்பு அது. தேங்காய் எண்ணெயில் அது கிடையாது, அதனால்தான் தேங்காய் எண்ணெய் வருஷக்கணக்கில் எண்ணெயாகவே இருக்கிறது. ஆக, எந்த அடுக்குக்குக் காற்று எப்போது, எவ்வளவு கிடைத்தது என்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

தொடங்குமுன்: பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள்

திருவிதாங்கூர் அரண்மனையில் ஆயில் வித்தை தெரிந்த மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர், அதை இளைஞர் ரவி வர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்பது பிரசித்தமான கதை. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே ரவி வர்மா பலதைக் கற்றுக்கொண்டார். அன்றைக்கு எண்ணெய் ரகசியம். இன்றைக்கு எல்லாம் லேபிளிலேயே இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை.

ரீஃபைன்ட் லின்சீட் என்று போட்டிருந்தால் அதுதான் சாதாரணமாக வேண்டியது. கோல்டு பிரஸ்டு (சூடாக்காமல் பிழிந்தது) என்றால் இன்னும் நல்லது, விலையும் கூட. ஸ்டாண்டு ஆயில் என்பது காற்றுப் படாமல் சுமார் 300 டிகிரி சூட்டில் வைத்துக் கெட்டியாக்கியது. தேன் போல இருக்கும், மெதுவாகக் காயும், மஞ்சளாவது குறைவு, தூரிகைத் தடத்தையும் மழுங்கடித்துவிடும். ஹார்டுவேர் கடையில் கேனில் கிடைக்கும் 'பாய்ல்டு' ஆயில் கதவு, ஜன்னலுக்கு. பெயரில்தான் கொதிப்பு, பெரும்பாலும் உலோக உப்பு கலந்து வேகமாகக் காயவைத்த சரக்கு. படத்தில் போட்டால் சீக்கிரம் கருக்கும். நாட்டு மருந்துக் கடையிலும் ஆர்கானிக் கடையிலும் விற்கும் சாப்பிடும் ஆளி விதை எண்ணெயும் விதையளவில் அதேதான். ஆனால் கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்திருந்தால், அந்தச் சத்தே காய்வதைத் தடுக்கும். உடம்புக்கு நல்லது கேன்வாஸுக்கு ஆகாது.

அறிகுறி: வாரக்கணக்காகியும் தொட்டால் ஒட்டுகிறது

அதிகம் வரும் புகார் இது. நானே நன்றாக அனுபவித்தும் இருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு, காலமான அப்பாவின் போர்ட்ரெய்ட். முதலாம் ஆண்டு திதிக்குள் வேண்டும் என்றார்கள். கன்னத்தில் பளபளப்பு வரட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக விட்டேன். ஐப்பசி மாதம், அடைமழை, வேலை செய்யும் அறையில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஆறு வாரம் கழித்தும் கன்னத்தில் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. நெற்றியில் இரண்டு கொசு செத்து ஒட்டியிருந்தன. ஊசி முனையால் எடுத்தேன், ஒரு கால் மட்டும் இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

ஒட்டுகிறது என்றால் வரிசையாக இப்படிப் பாருங்கள்.

எண்ணெய் உண்மையில் காயும் எண்ணெய்தானா? ஒரு கண்ணாடித் துண்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் மெல்லிசாகத் தேய்த்து, வெளிச்சமுள்ள இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு வாரம் விடுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் நாலு நாள் கூடுதலாக. நகத்தால் கீறினால் மெல்லிய தோலாகச் சுருண்டு வரவேண்டும். அப்போதும் பிசுபிசுப்பாகவே இருந்தால் பாட்டிலில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது, அல்லது காயவிடாத ஏதோ சேர்ந்திருக்கிறது. புதுப் பாட்டில் வாங்கினால் இந்தச் சோதனையைச் செய்யாமல் படத்தில் ஊற்றமாட்டேன்.

எண்ணெய் சரி என்றால், எவ்வளவு விட்டீர்கள்? டியூபிலிருந்து வரும் பெயின்டில் ஏற்கெனவே போதுமான எண்ணெய் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். நெல்லிக்காய் அளவு பெயின்டுக்கு நாலைந்து சொட்டு போதும். சின்னக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிவைத்துத் தூரிகையை அதில் முக்கி முக்கி வரைகிறவர்களுக்குக் கணக்கே தெரியாமல் போய்விடும். பேலட்டில் சொட்டாக விட்டுக் கத்தியால் கலக்குங்கள், அப்போதுதான் எண்ண முடியும்.

எந்த நிறம்? பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறத்தில் மாங்கனீஸ் இருப்பதால் அது இரண்டொரு நாளில் இறுகிவிடும். ஐவரி பிளாக், காட்மியம் சிவப்பு, அலிசரின் எல்லாம் சோம்பேறிகள். படத்தில் கறுப்புத் தலைமுடி மட்டும் ஒட்டுகிறது, மற்ற இடம் காய்ந்திருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காத்திருங்கள்.

கடைசியாக இடம். காயாத படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பது, பிளாஸ்டிக் கவரில் போடுவது, பீரோவுக்குப் பின்னால் செருகுவது எல்லாம் எண்ணெயின் மூக்கைப் பொத்துகிற வேலை. வெளிச்சமும் ஃபேன் காற்றும் வேண்டும். ஹேர் டிரையர் வேண்டாம், மேல்தோலை மட்டும் சுட்டு உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். ஒட்டுகிறதே என்று முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி வந்த ஒரு மாணவரையும் பார்த்திருக்கிறேன். இப்போது அது ஒட்டும் வெள்ளைப் படம்.

மெல்லிய பூச்சு வெறுமனே தாமதமாகக் காய்கிறது என்றால் மூன்று வாரம் நல்ல காற்றில் வைத்தால் சரியாகிவிடும். காயாத எண்ணெய் கலந்திருந்தால் வைத்தியமே கிடையாது. கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் (பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் துடைத்து, அந்த இடத்தை மறுபடி வரைய வேண்டியதுதான். மேலே வார்னிஷ் அடித்து மறைக்க நினைக்காதீர்கள். அப்புறம் வார்னிஷும் ஒட்டும்.

அறிகுறி: மேலே பாலாடை போலச் சுருக்கம்

பால் ஆறும்போது மேலே ஏடு கட்டிச் சுருங்குமே, அதே சங்கதி. மேற்பரப்புக்குக் காற்று முதலில் கிடைக்கிறது, தோல் கட்டுகிறது. தோல் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு விரிகிறது. விரிய இடமில்லாததால் மடிகிறது. அடியில் பெயின்ட் இன்னும் கூழாகவே இருக்கிறது. தடிப்பாக அப்பிய இடத்தில் எண்ணெயும் சேர்த்திருந்தால் இது நிச்சயம். கோபால்ட் டிரையர் கலந்திருந்தால் இன்னும் நிச்சயம், ஏனென்றால் அது மேலிருந்து காயவைக்கிற மருந்து.

தடித்த பூச்சுக்கு எண்ணெயே சேர்க்காதீர்கள், டியூபிலிருந்து வந்தபடி போடுங்கள். எண்ணெய் மெல்லிய பூச்சுக்கு. அவசரம் என்றால் டிரையருக்குப் பதில் ஆல்கிட் மீடியம் (பெயின்டில் கலக்கும் செயற்கைப் பிசின்) வாங்கிவிடலாம், ஒரே நாளில் சீராகக் காயும். சுருங்கிவிட்ட இடம் முழுக்க இறுகும்வரை மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பிறகு கத்தியால் சீவி எடுக்கலாம். நடுவில் நோண்டினால் தோல் கிழிந்து கூழ் வெளியே வரும்.

அறிகுறி: காய்ந்ததும் திட்டுத் திட்டாக மங்கிப்போகிறது

நேற்று ராத்திரி ஜொலித்த கரும்பழுப்பு காலையில் சாம்பல் பூத்துக் கிடக்கும். நிறம் எங்கேயும் போகவில்லை, எண்ணெய்தான் அடியில் இறங்கிவிட்டது. விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தில் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய ஆழம் திரும்பி வந்தால் இதுதான் நோய்.

கடையில் வாங்கும் மலிவு கேன்வாஸில், வரையுமுன் துணிமேல் பூசியிருக்கும் ஜெஸோ என்ற வெள்ளைப் பூச்சு சாக்பீஸ் மாதிரி உறிஞ்சும். அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகமானாலும் இது நடக்கும். அம்பர் வகை மண் நிறங்கள் இயல்பிலேயே இப்படி மங்கக்கூடியவை.

இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் எண்ணெயே மருந்து. அந்த அடுக்கு தொடும் அளவுக்குக் காய்ந்த பிறகு, எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, பஞ்சு உதிராத துணியில் தொட்டு, மங்கிய இடத்தில் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். சில நிமிஷம் விட்டு, வேறு காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். எவ்வளவு துடைப்பது? பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நனைந்த மாதிரி தெரியக்கூடாது, நிறம் மட்டும் திரும்பியிருக்க வேண்டும். இதற்கு மேல் அன்றைக்கே தொடர்ந்து வரையப் போகிறீர்கள் என்றால்தான் இதைச் செய்யுங்கள். முடித்த படத்தைப் பளபளப்பாக்க எண்ணெய் தடவுவது மஞ்சள் படலத்தை நீங்களே பூசுவது மாதிரி. அதற்கு வார்னிஷ் இருக்கிறது. படம் முடிந்து ஆறு மாதம், தடிப்பான படமென்றால் ஒரு வருஷம் பொறுத்து அடியுங்கள்.

அறிகுறி: வெள்ளை மஞ்சளாகிறது, வானம் பச்சையாகிறது

1638-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்கு ஒரு பெரிய படத்தை அனுப்பிய பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ், கூடவே எழுதிய கடிதத்தில் ஒரு கவலையைச் சொல்கிறார்: பெட்டிக்குள் வெகுநாள் அடைந்து கிடந்தால் தோல் நிறமும் வெள்ளையும் சற்று மஞ்சளாகிவிடலாம், அவ்வப்போது வெயிலில் வைத்தால் சரியாகிவிடும். இன்றைக்கும் அதே நோய், அதே மருந்து. லின்சீட் ஆயில் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் ஓரளவு தெளியும்.

அதனால் மஞ்சளான படத்தை முதலில் ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் சில வாரம் வையுங்கள். ரூபன்ஸின் ஊர் வெயிலும் நம் ஊர் சித்திரை வெயிலும் ஒன்றல்ல, மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள். தெளிந்தால் இருட்டின் வேலை. தெளியாவிட்டால் எண்ணெய் மிதமிஞ்சிப் போய்விட்டது, அல்லது பாய்ல்டு ஆயில் போட்டிருக்கிறீர்கள். அதற்குத் திரும்ப வழியில்லை.

வெள்ளைக்கும் வெளிர்நீலத்துக்கும் ஸ்டாண்டு ஆயில் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு என்று கலந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அக்ரூட், கசகசா, குசும்பா எண்ணெய்கள் இன்னும் குறைவாக மஞ்சளாகும். ஆனால் அவற்றின் படலம் லின்சீட் அளவுக்கு உரமானதில்லை, காயவும் நாளாகும். பல கம்பெனிகள் வெள்ளை டியூபையே குசும்பா எண்ணெயில்தான் அரைக்கின்றன. அதை அடிப்பூச்சாகத் தடிப்பாகப் போட்டு மேலே வேகமாகக் காயும் நிறத்தைப் போட்டால் அடுத்த பிரச்சினை ஆரம்பம்.

அறிகுறி: வெடிப்பு

வெடிப்பில் இரண்டு சாதி. ஏரி வற்றினால் வண்டல் பாளம் பாளமாகப் பிளக்குமே, அது மாதிரி அகலமாக வெடித்து இடுக்கில் அடிநிறம் தெரிந்தால், அது சின்ன வயசு வெடிப்பு. அடி அடுக்கு இறுகுமுன் மேலடுக்கு இறுகிவிட்டது. மேலே இருப்பது நகரமுடியாது, கீழே இருப்பது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. முடி போன்ற மெல்லிய கூர்மையான கோடுகள் எல்லா அடுக்கையும் துளைத்து ஓடினால் அது வயசான வெடிப்பு, அல்லது கேன்வாஸ் தொய்ந்து தொய்ந்து இறுகியதால் வந்தது.

முதல் ரகம் முழுக்க நம் கைவேலை. ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கு முந்தையதைவிடச் சற்று அதிக எண்ணெய் என்ற விதியை எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அதோடு வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். ஐவரி பிளாக்கை அடியில் தடிப்பாகப் போட்டு, அதன்மேல் அம்பர் போட்டால், எண்ணெய்க் கணக்கு சரியாக இருந்தாலும் வெடிக்கும். ஜிங்க் ஒயிட்டையும் நம்பாதீர்கள். வருஷம் போகப் போக அது முறுக்கு மாதிரி நொறுங்கும், மேலிருக்கும் அடுக்கை உதிர்த்தும் விடும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய போர்ட்ரெய்ட் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் எண்ணெய், மெழுகு, பிசின், தார் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகச் சோதித்துப் பார்த்தார். சில படங்கள் அவர் கண்ணெதிரிலேயே கெட்டன. பெரிய கை என்று வேதியியல் விட்டுவைக்கவில்லை.

வெடித்ததைப் பூசி அடைக்க முடியாது. புதிய பெயின்டும் அதே தடத்தில் பிளக்கும். சின்னப் படமென்றால் சுரண்டி மறுபடி ஆரம்பியுங்கள். முக்கியமான பழைய படமென்றால் கைவைக்காமல் பழம்படங்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொடுங்கள்.

அறிகுறி: சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் போலப் பெயின்ட் முத்து முத்தாக ஒதுங்குகிறது

அடியில் எண்ணெய் மிகுந்த அடுக்கு கண்ணாடி மாதிரி காய்ந்திருக்கிறது. புதுப் பெயின்டுக்குப் பிடிமானம் இல்லை. பாதி வெட்டிய வெங்காயத்தைத் தேய்ப்பது ஓவியர்களின் பழைய கைவைத்தியம். கண்ணெரிச்சலைத் தவிர பெரிய பலனை நான் காணவில்லை. நைஸ் எமரி தாளால் பூப்போல உரசுங்கள், ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பழைய படமாக இருந்து ஈய வெள்ளை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உரசவே கூடாது, அந்தத் தூசி விஷம்.

அறிகுறி: டியூபைத் திறந்ததும் எண்ணெய் தனியாக வழிகிறது

கெட்டுப்போகவில்லை. வெகுநாள் நின்றதால் பிரிந்திருக்கிறது. பெயின்டைப் பழைய செய்தித்தாள்மேல் பிதுக்கி அரைமணி விட்டால் தாள் அதிக எண்ணெயைக் குடித்துவிடும். பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா இப்படி எண்ணெயை வேண்டுமென்றே உறிஞ்சவைத்து, டர்பன்டைனில் கரைத்துத்தான் பல படங்கள் வரைந்தார்.

அறிகுறி: கேன்வாஸின் பின்பக்கம் எண்ணெய்க் கறை

ஜெஸோ பற்றவில்லை. லின்சீட் ஆயில் காயும்போது உண்டாகும் அமிலம் துணியை நேரடியாகத் தொட்டால் வருஷங்களில் அதைப் பொடியாக்கிவிடும். வரைந்த படத்துக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த கேன்வாஸுக்கு வாங்கியவுடன் இன்னும் இரண்டு கோட் ஜெஸோ அடித்துக் காயவைத்துவிடுங்கள்.

அறிகுறி: பாட்டிலுக்குள்ளேயே ஆடை கட்டுகிறது

பாதி காலியான பாட்டிலில் மீதி இடம் முழுக்கக் காற்று, எண்ணெய் அங்கேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. ஆடையை வடித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம், கெட்டியாகிவிட்டிருந்தால் கண்ணாடிச் சோதனை செய்துவிட்டு. தடுக்க ஒரு வழி உண்டு: கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் போடுங்கள். எண்ணெய் கழுத்துவரை ஏறி வரும், காற்றுக்கு இடமிருக்காது. என் பேரனின் கோலிகள் பதினொன்று இப்போது என் பாட்டிலில்தான் இருக்கின்றன.

அறிகுறி: துடைத்த துணி சூடாக இருக்கிறது

இதைக் கோளாறு என்று சொல்வதே தப்பு, இது ஆபத்து. எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் வெளியாகிறது. கேன்வாஸில் மெல்லிசாகப் பரவியிருக்கும்போது அந்தச் சூடு தெரியாமல் போய்விடும். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தால் சூடு உள்ளேயே தேங்கும், ஏறும், நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் மாடியில் மரவேலைக்காரர்கள் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளில்தான் தீ ஆரம்பித்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

சூடான துணி கையில் தட்டுப்பட்டால் உடனே வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தினசரி வழக்கத்துக்கு: வேலை முடிந்ததும் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விரித்து, வீட்டுக்கு வெளியே கொடியில் போடுங்கள், கேஸ் அடுப்புக்கும் வெயிலில் நிற்கும் வண்டிக்கும் தள்ளி. அப்பளம் மாதிரி விறைத்த பிறகு குப்பையில் போடலாம். மழைநாளில் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் முக்கி வையுங்கள், மறுநாள் குப்பை வண்டி வரும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.